எல்லை தாண்டினால்தான் கறிவேப்பிலை

லக்சம்பர்க்கில் குடியேறப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "அது எந்த நாட்டுல இருக்கு?" அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மொத்தமே 2,586 சதுர கிலோமீட்டர். எங்கள் தஞ்சாவூர் மாவட்டத்துக்குள் தூக்கி வைத்தாலும் ஓரத்தில் வயல் மிஞ்சும்.

இங்கே குடித்தனம் நடத்த ஒரு நாடு போதாது. கட்டில் வாங்க வேண்டுமா? பெல்ஜியம் போக வேண்டும். ஐக்கியா கடை எல்லையைத் தாண்டியதும் ஆர்லோன் பக்கத்தில் இருக்கிறது. சோப்பு, ஷாம்பு சல்லிசாக வேண்டுமென்றால் ஜெர்மனியின் ட்ரியர். எனக்குக் கறிவேப்பிலை கிடைப்பதும் அங்கேதான். "கறிவேப்பிலை தீர்ந்துபோச்சு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தால், பையை எடுப்பதற்கு முன் குடியிருப்பு அட்டையைத் தேடுகிற ஆள் நான். ரசத்துக்குத் தாளிக்க வெளிநாட்டுப் பயணம்.

எதிர்த்திசையிலும் கூட்டம் உண்டு. பெட்ரோலும் சிகரெட்டும் இங்கே விலை குறைவு. மார்ட்லாஞ்ச் என்ற எல்லை ஊரில் சாலைக்கு ஒரு பக்கம் பெல்ஜியம், மறுபக்கம் லக்சம்பர்க். லக்சம்பர்க் பக்கம் முழுக்க வரிசையாகப் பெட்ரோல் பங்க். காரை நிரப்பிக்கொண்டு டிக்கியையும் நிரப்புகிறவர்களைப் பார்த்தால், பாண்டிச்சேரி எல்லையில் நின்ற பழைய ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வரும். யாருடைய ஞாயிற்றுக்கிழமைகள் என்று கேட்காதீர்கள்.

லக்சம்பர்க் மொழி வகுப்பிலும் சேர்ந்தேன். குடியுரிமை கேட்டால் அந்த மொழியில் தேர்வு வைப்பார்கள். ரொட்டி வாங்கும் பாடத்தை வாரக்கணக்கில் உருப்போட்டுக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண் நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். அவர் பிரான்ஸிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். இப்படி எல்லை தாண்டி வேலைக்கு வந்து போகிறவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். எனக்குப் பின்னால் நின்ற பாட்டி மட்டும் அசல் உள்ளூர். அவருக்கு ஒரே சந்தோஷம். என் தோளைத் தட்டிக் கடகடவென்று பேச ஆரம்பித்துவிட்டார். வகுப்பில் பாட்டி பாடம் இன்னும் நடக்கவில்லை. சிரித்துத் தலையாட்டி, கையைக் காட்டி ரொட்டி வாங்கி வந்தேன்.

வெளிநாட்டான் என்று யாராவது முறைப்பார்களோ என்ற பயம் மட்டும் வேண்டாம். குடியிருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளிநாட்டவர். அப்படி ஒருவர் முறைத்தால், அவரே போர்ச்சுகல்காரராக இருக்க வாய்ப்பு அதிகம்.

போன கோடையில் அப்பா வந்தார். பொதுப்பணித் துறையில் காவிரி மதகுகளோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்றவர். 2020 மார்ச்சிலிருந்து இங்கே பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசம். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும்தான் காசு. எவ்வளவு சொல்லியும் நம்பாமல், ஏறியதும் கண்டக்டரைத் தேடிக்கொண்டே வந்தார். அப்படி ஓசி பஸ்ஸில் ஷெங்கன் கிராமத்துக்குக் கூட்டிப் போனேன். 1985-ல் ஐந்து நாடுகள், எல்லைச் சோதனையை எடுத்துவிட இங்கே மோசல் ஆற்றில் நின்ற படகில் கையெழுத்துப் போட்டன. நாலு தெரு, சுற்றிலும் திராட்சைத் தோட்டம், அவ்வளவுதான் ஊர். அப்பா பாஸ்போர்ட்டைத் திறந்து விசாவில் இருந்த பெயரையும் ஊரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த ஊர் பேருக்கா சென்னையில என் பேங்க் பாஸ்புக்கை எல்லாம் கேட்டாங்க?"

பிறகு ஆற்றைப் பார்த்தார். தொழில் புத்தி.

"அந்தக் கரை?"

"ஜெர்மனி."

"தண்ணி யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும் பொதுப்பா. ஆறு மொத்தமும் கூட்டுச் சொத்து. 1816-லேயே ஒப்பந்தம்."

"மேல யாரு?"

"பிரான்ஸ்."

"அவன் அணை கட்டலையா?"

"கட்டியிருக்கான். கப்பல் போறதுக்கு."

அப்பா நம்பவில்லை. டெல்டாக்காரர் எப்படி நம்புவார்? "கோர்ட்டு கேஸு ஒண்ணுமே இல்லையா?" என்றார்.

"ஐரோப்பிய நீதிமன்றமே லக்சம்பர்க்லதான்பா இருக்கு."

அவர் முகம் தெளிந்தது. "அதானே பார்த்தேன். கோர்ட்டு இல்லாம ஆறு எப்படிடா ஓடும்?"