செபிக்கு ஓர் இட்லிக் கடையின் நிலைத்தன்மை அறிக்கை

மும்பை பாந்திரா-குர்லா வளாகத்தில் வீற்றிருந்து பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி பெரியோர்களுக்கு,

பங்குச் சந்தை பக்கம் தலைவைத்தும் படுக்காத இட்லிக் கடைக்காரன் நான். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் கட்டாயம் நிரப்ப வேண்டிய உங்கள் பி.ஆர்.எஸ்.ஆர். (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) படிவத்தை, ஆடிட்டர் ஆபீசில் இருக்கும் என் மச்சான் காட்டினார். இத்தனை வருஷம் என் அடுப்பின் அருமை தெரியாமலே இருந்துவிட்டேன்.

போன வருஷம் மாதம் 15 சிலிண்டர் எரித்தேன். விற்பனை 3 லட்சம். இந்த வருஷம் 17 சிலிண்டர். விற்பனை 4 லட்சம். கூட்டம் கொஞ்சம் கூடியது. 10 ரூபாய் இட்லியை 12 ஆக்கினேன், அதுதான் பெரிய காரணம். பாமரன் கணக்கில் புகை கூடிவிட்டது. உங்கள் படிவத்தில் ‘விற்றுமுதலில் ரூபாய்க்கு எவ்வளவு உமிழ்வு’ என்றொரு வரி இருக்கிறதே, அந்தக் கணக்கில் லட்சத்துக்கு 5 சிலிண்டர் 4.25 ஆகிவிட்டது. 15 சதவீதம் குறைப்பு! மரம் நடவில்லை, பர்னர் மாற்றவில்லை. விலைப்பலகையில் சாக்பீஸால் ஓர் எண்ணைத் திருத்தினேன், அவ்வளவுதான். மொத்த உமிழ்வையும் கேட்கிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பளபளப்பான தாளில் பச்சை மையில் அச்சேறுவது எந்த எண் என்று உங்களுக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் இட்லி 15 ரூபாய். பூமி இன்னும் குளிரும்.

உங்கள் படிவம் உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறது. ஸ்கோப் 1 என் அடுப்பு. ஸ்கோப் 2 வாங்கும் கரண்ட். அரிசி விளைந்த வயலில் கிளம்பும் மீத்தேன் முதல் குப்பைமேட்டில் எரியும் பார்சல் கவர் வரை ஸ்கோப் 3. அதை ‘தலைமைத்துவ’ப் பகுதியில் வைத்து, விருப்பமிருந்தால் சொல் என்று விட்டுவிட்டீர்கள். எனக்குத் தலைவனாகும் ஆசை இல்லை. (நிலக்கரி வெட்டி விற்பவருக்கு இது எப்படி இனிக்கும்! வெட்டும் இயந்திரத்தின் டீசல் அவர் கணக்கு. கரி எரிந்த புகை வாங்கினவர் கணக்கு.)

விற்றுமுதல் ரூபாயை, நாட்டுக்கு நாடு மாறும் விலைவாசியைச் சரிக்கட்டும் வாங்கும் சக்திச் சமநிலைப்படி திருத்திக் காட்டும்படி 2023-இல் சொன்னீர்கள். திருத்தினேன். என் சாம்பார் இப்போது உலக நாடுகளோடு ஒப்பிடத் தக்கது.

‘உமிழ்வு 15 சதவீதம் குறைப்பு’ என்று கடை வாசலில் பேனர் கட்டலாமா என்பதை மட்டும் தெரிவிக்கவும். பேனர் அச்சுக்குப் போய்விட்டது. 18ஆவது சிலிண்டருக்கும் நேற்றே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பட்டியலிடப்படாத ஓர் இட்லிக் கடைக்காரன்