பீரோவைத் திறந்து வைத்துப் பாடுங்கள்

கேள்வி: மகள் பாடும் கீர்த்தனைகளை வீட்டிலேயே பதிவு செய்து சி.டி. போட ஆசை. என்ன கருவிகள் வாங்கலாம்? – வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் மிக்ஸியை நிறுத்த ஆள் பாருங்கள். கண்டன்ஸர் மைக் பாட்டோடு பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் சுருதி பிசகாமல் பிடித்துவிடும். போதாததற்கு 48 வோல்ட் வேறு கேட்கும். சந்தடி வீட்டுக்கு டைனமிக் மைக்கே சமர்த்து. கூடவே ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுக்க மூடும் ஹெட்போன். (தம்புராவை ஸ்பீக்கரில் ஓடவிட்டால் அதுவும் மைக்கில் ஏறிவிடும்.) ‘192 கிலோஹெர்ட்ஸ்’ என்று கடைக்காரர் அளந்தால் சிரித்து வையுங்கள், சி.டி.யில் ஏறுவது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்தான். பீரோவைத் திறந்து வைத்து அதன் எதிரில் பாடச் சொல்லுங்கள். எதிரொலியில் பாதியைப் புடவைகளே விழுங்கிவிடும். புது லேப்டாப்பில் சி.டி. டிரைவ் இருக்காது, தனியாக வாங்க வேண்டும். அதற்குமுன், சொந்தக்காரர்களில் யார் வீட்டிலாவது சி.டி. பிளேயர் உயிரோடு இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்!