கடல் இல்லாத யூனிட்

என் மாமனாரிடம் வெப்பநிலையைப் பற்றி வாய் திறக்கவே கூடாது. தெற்கே கடலோர அனல்மின் நிலையம் ஒன்றில், 210 மெகாவாட் யூனிட்டின் கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 540 டிகிரி நீராவியோடு குடித்தனம் நடத்திய மனிதர். "மாமா, பிராசசர் 95 டிகிரியத் தொட்டுருச்சு!" என்று நான் அலறியபோது, பேப்பரைக்கூட மடிக்காமல் கேட்டார்: "அப்ப இன்னும் பத்த வைக்கவே இல்லியா?"

கத்திரி வெயில். அவருடைய இளைய மகளின் கல்யாண வீடியோவை 4கே-யில் எக்ஸ்போர்ட் போட்டிருந்தேன். ரைசன் 7700எக்ஸின் எட்டு கோர்களும் முழு மூச்சில். தூசி ஊதியாயிற்று, பேஸ்ட் மாற்றியாயிற்று, எண் இறங்கவில்லை. இந்த வகை 2022-இல் வந்தபோதே ஏஎம்டி சொல்லிவிட்டது: முழு லோடில் 95 என்பது கோளாறல்ல, வடிவமைப்பே அப்படி. மின்சார வரம்பு குறுக்கே வந்தாலொழிய, 95 வரும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். தெரிந்தும் நான் திரையை விட்டு நகரவில்லை.

மாமனார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கூலிங் வாட்டர் எங்க?"

"காத்துதான் மாமா."

"ரூமே 36 டிகிரி. அதுக்குக் கீழ அந்தக் காத்து எப்படிக் குளுப்பாட்டும்? எங்களுக்குக் கடலே இருந்துச்சு, மாப்ளே."

பதில் இல்லை. எந்த ஃபேனாலும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது.

"ட்ரிப் ஆயிருமா?"

"அதுக்கு முன்னாலயே தானா லோடைக் குறைச்சுக்கும்."

"லோடு டெஸ்பாச்சுல யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்காது."

இதுதான் அவரை உலுக்கியது. போன் போடாமல், யார் அனுமதியும் இல்லாமல் லோடைக் குறைத்துக்கொள்ளும் யூனிட்! 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் வெளியிட்ட வீடியோவைப் பற்றிச் சொன்னேன். ஓடும்போதே ஹீட்சிங்கைப் பிடுங்கினார்கள். அத்லான் புகைந்து செத்தது, பென்டியம் 4 நடையைத் தளர்த்திக்கொண்டு பிழைத்தது. 2017-இல் வந்த ரைசன் 1800எக்ஸோ உள்ள சூட்டைவிட 20 டிகிரி கூட்டியே சொல்லும், ஃபேன் ஒழுங்காக ஓட வேண்டும் என்பதற்காக. அமெரிக்காக்காரனின் தந்திரம் என்று நான் வியக்க, அவர் வியக்கவில்லை. "இன்ஜினியர் சீக்கிரம் வரணும்னா நாங்களும் கூட்டித்தான் சொல்லுவோம்."

பிறகு தீர்ப்பு வந்தது: "எதுக்கு முழு லோடுல ஓட்டுதிய? குறைங்க."

பயாஸில் ஈக்கோ மோடை அமைத்தேன். 142 வாட் வரை இழுத்த பிராசசருக்கு 88 வாட்தான் என்று கடிவாளம். வேகம் அந்த அளவுக்கு விழுவதில்லை. கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜை ஏற்ற வேண்டியிருக்கிறது. மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறுகிறது. எண் எழுபதுகளுக்கு இறங்கியது. எக்ஸ்போர்ட்டை முதலிலிருந்து தொடங்கினேன்.

"நீங்க போய்ப் படுங்க, மாப்ளே. நைட் ஷிஃப்ட் நான் பாத்துக்கிடுதேன்."

காலையில் மேசைமேல் கோடு போட்ட தாள்: மணிக்கொரு வரி, வெப்பநிலை, ஃபேன் வேகம், குறிப்பு. இரண்டு மணிக்கு எதிரே 'கரண்ட் போய் வந்தது, யூபிஎஸ் தாங்கியது.' வேலை முடிந்து கணினி தானாக அணைந்திருந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'பிளான்டு ஷட்டவுன்' என்று எழுதி, கையெழுத்திட்டு, பக்கத்தில் என் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தார்.