பீலியில் வானவில்

கேள்வி: எங்கள் பீலித் தண்ணீரில் வானவில் மாதிரி மினுங்குகிறது. மேலே பழைய தொழிற்சாலையின் டீசல் தாங்கி இருந்த இடம். இது டீசல்தானா?
- லயத்து வாசகி, புளத்கொகுபிட்டிய

பதில்: ஒரு குச்சியை எடுத்துக் கிளறிப் பாருங்கள். படலம் கண்ணாடி உடைந்ததுபோல் சில்லுசில்லாகப் பிரிந்து அப்படியே நின்றால், அது இரும்பில் பிழைக்கும் பக்டீரியாவின் கைவேலை. நம் செம்மண் சரிவில் சகஜம். கலைந்தது சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெயைச் சந்தேகியுங்கள். மூக்கையும் சாட்சிக்கு அழையுங்கள். ஆனால் குச்சி கீழ்க்கோர்ட்டுதான், தீர்ப்பு ஆய்வுகூடத்தில். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பிடித்து, மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தாங்கியைத் தோண்டி இரும்புக் கடைக்கு விற்று இருபது வருஷமாச்சே, இன்னுமா கசியும்?
- ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை

பதில்: விற்றது தாங்கியை. அது ஒழுக்கியதை எந்தக் கடைக்காரன் வாங்கினான்? டீசல் தண்ணீரைவிட இலேசு. மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரின் தலையில் மிதக்கும். மழைக்கு நீர் உயர்ந்தால் கூடவே ஏறும், வறட்சிக்கு இறங்கும், போகிற வழியெல்லாம் மண்ணில் பூசிவிட்டுப் போகும். மலைச்சரிவில் அடிப்பாறை மேல் நகரும் தண்ணீரோடு அதுவும் நகர்ந்து ஊற்றுக்கண்ணில் எட்டிப் பார்க்கும். அதனால்தான் சில வருஷம் மணக்கும், சில வருஷம் மணக்காது. மணக்காத வருஷத்தில் "எல்லாம் சரியாச்சு" என்று யாராவது அறிக்கை எழுதிவிடுவார்கள்.

கேள்வி: கொதிக்க வைத்தால் போகாதா? பிளீச்சிங் பவுடர்?

பதில்: பிளீச்சிங் பவுடர் கிருமிக்கு. டீசல் கிருமி இல்லை. கொதிக்க வைத்தால் பென்சீன் போன்றவை ஆவியாகி அடுப்படியில் நிற்பவரின் மூக்குக்குள் போகும், கனத்த எண்ணெய் கேத்தலிலேயே குந்திக்கொள்ளும். குடிநீரில் பென்சீனுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீட்டருக்கு 0.01 மில்லிகிராம். தேயிலை கூடப் போட்டால் மணம் தெரியாதே என்பீர்கள். தெரியாது, பயமே அதுதான். முடிவு தெரியும்வரை வேறு தண்ணீர்.

கேள்வி: மண்ணை எப்படித்தான் சுத்தம் செய்வது?

பதில்: ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானத்தில் முடியாது. முதலில் ஒழுகுவதை நிறுத்த வேண்டும். பிறகு குழாய் இறக்கி, மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுக்க வேண்டும். பெட்ரோல் என்றால் மண்ணிலிருந்து ஆவியையே காற்றாடி வைத்து இழுக்கலாம். டீசல் அவ்வளவு லேசில் ஆவியாகாது. அந்த மண்ணைத் தோண்டிக் குவித்து, உரமும் ஈரமும் காற்றும் கொடுத்தால் பக்டீரியாக்கள் மாதக் கணக்கில் தின்று தீர்க்கும். சம்பள உயர்வு கேட்காத தொழிலாளர்கள்.

தோண்டிய மண்ணை ஓடையில் தட்டினால் அது சுத்திகரிப்பு இல்லை, விலாச மாற்றம். இன்னொன்று, 2016 மே 17 அன்று களுபஹன தோட்டத்தில் மண் சரிந்ததை நீங்கள் மறக்கவில்லை. சரிவில் மண்வெட்டி வைக்கும் முன்னே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேளுங்கள்.

கேள்வி: செலவு யார் தலையில்?

பதில்: அழுக்காக்கியவர் தலையில். இது என் ஆசை மட்டுமில்லை, உயர் நீதிமன்றமும் சொல்லியாயிற்று. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றி 150 கிணறுகளைப் பார்த்ததில் 109இல் எண்ணெய் அளவு மீறியிருந்தது. அங்கே வற்றாத ஆறு கிடையாது, சுண்ணாம்புக் கல்லுக்குள் கிணறுதான் கதி. 2015இல் போட்ட வழக்கில் 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அங்கே மின் உற்பத்தி செய்த நொதர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும், 500 கிணற்றுக்காரர் வரை ஆளுக்கு 40,000 உச்சம். அந்தப் பணத்தில் கிணற்றை இறைக்கலாம். கல்லின் துவாரங்களுக்குள் போனதை இறைக்க எந்த வாளி இருக்கிறது?

அமெரிக்காவில் கலன் எண்ணெய்க்கு 0.1 சதம் வரி பிடித்து, சொந்தக்காரர் இல்லாத பழைய தாங்கிகளின் கசிவையும் சுத்தம் செய்ய ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். தோட்டக் கணக்கைப் பாருங்கள்: வெள்ளைக்காரக் கம்பனி, 1970களில் அரசாங்கம், 1992இல் பிராந்தியக் கம்பனிகள். புதைத்தவர் ஒருவர், ஊற்றியவர் இன்னொருவர், குத்தகைக்காரர் மூன்றாமவர். பீலியில் குடம் வைப்பவர் மட்டும் மாறவே இல்லை.

கேள்வி: நம் பீலியைப் பற்றிக் கொழும்புக்காரருக்கு என்ன கவலை?

பதில்: நம் ஓயாத் தண்ணீர் களனி கங்கையில் சேர்ந்து, அம்பத்தளை வழியாக அவர்கள் குழாய்க்குத்தான் போகிறது. 2015 ஆகஸ்டில் கங்கைக்கரைக் கொக்கா-கோலா ஆலையிலிருந்து டீசல் கசிந்தபோது, ஆலையின் சுற்றாடல் அனுமதிப்பத்திரம் எவ்வளவு வேகமாக இடைநிறுத்தப்பட்டது தெரியுமா? சுன்னாகத்துக்காரர் கேட்டால் பெருமூச்சு விடுவார்.

கேள்வி: (முதல் கேள்விக்காரிக்குத் தபாலிலேயே பதில் போட்டேன். அவர் மறுகடிதம் இது.) குச்சியால் கிளறினேன், சில்லுசில்லாக உடைந்தது. இனி நிம்மதியாகக் குடிக்கலாமா?

பதில்: டீசல் இல்லை போலிருக்கிறது என்றுதான் குச்சி சொன்னது. பீலிக்கு மேலே கக்கூஸ் குழி எங்கே இருக்கிறது என்று அதனிடம் நீங்கள் கேட்கவில்லையே!