பத்துக்கு ஐந்தரை

தமிழாசிரியர் கட்டுரைத் தாளை முகர்ந்து பார்த்தே மதிப்பெண் போடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கணக்கு வாத்தியாருக்கு அந்தத் தொல்லை இல்லை. விடை வந்தால் சரி, வராவிட்டால் தப்பு. கட்டுரைக்கு அப்படியா? காலையில் வீட்டு இட்லி மெத்தென்று இருந்தால் எட்டு, கல்லாக இருந்தால் ஐந்து.

அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1912இல் ஒரே ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைத் திருத்தச் சொன்னார்கள். மதிப்பெண்கள் தாறுமாறாக வந்தன. மொழிப்பாடம் அப்படித்தான் இருக்கும் என்று பேச்சு எழவே, மறு ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதே தாளுக்கு ஒருவர் 28 போட்டார், இன்னொருவர் தொண்ணூறைத் தாண்டினார். இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் மேல் எனக்குத் தனிப் பாசம்.

இந்தக் குளறுபடியைத் தீர்க்க வந்ததுதான் ரூப்ரிக்ஸ். எதைப் பார்த்து எவ்வளவு போடப்போகிறோம் என்று முன்கூட்டியே கட்டம் போட்டு எழுதிவிடுவது. தமிழ்நாட்டில் 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்ததும், செயல்பாடு என்ற பெயரில் சார்ட்டும் தெர்மாகோலும் வகுப்புக்குள் படையெடுத்தன. அவற்றை மதிப்பிட ‘அழகாக அமைத்தல்’ என்று ஒரு கட்டம் போடுவோம். அதற்குரிய மதிப்பெண் நியாயப்படி பள்ளிக்கு எதிர்க்கடைக்காரருக்குச் சேர வேண்டியது.

கட்டுரைக்குக் கட்டம் போட ஆசிரியர் அறையில் உட்கார்ந்தோம். ‘நன்று’, ‘சுமார்’ என்று மொட்டையாக எழுதக்கூடாது, கண்ணுக்குத் தெரிவதை எழுத வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லி அனுப்பிய பாடம். ஆகவே, ‘போதிய எடுத்துக்காட்டுகள்’ என்று எழுதினேன்.

“போதியன்னா எத்தனை?” என்றார் சமூக அறிவியல் டீச்சர்.

“ஒண்ணு நல்லா இருந்தா போதாதா?”

“நல்லான்னா எப்படி சார்?”

மணி அடித்துவிட்டது. ‘மூன்று’ என்று போட்டுவிட்டு எழுந்தோம்.

தலைப்பு, ‘எங்கள் ஊர்ச் சந்தை’. ஒரு பெண், “சந்தை என்பது பொருள்களை வாங்கவும் விற்கவும் கூடும் இடமாகும்” என்று தொடங்கி, முன்னுரை, அடிக்கோடிட்ட நான்கு உட்தலைப்பு, மூன்று எடுத்துக்காட்டு, முடிவுரை என்று வரிசையாக வைத்திருந்தாள். கட்டத்துக்குக் கட்டம் பொருந்தியது. பத்துக்கு ஒன்பது.

அடுத்த தாள் ஒரு பையனுடையது. முன்னுரையும் இல்லை, உட்தலைப்பும் இல்லை. எடுத்த எடுப்பில் அவன் மாமா ஆடு வாங்குகிறார். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அடியில் தரகர் விரலைப் பிடித்து விலை பேசுகிறார். “மாமா மூஞ்சி சும்மா இருக்கும், துண்டு மட்டும் ஆடும். துண்டை எடுத்தா ஆடு எங்களது” என்று எழுதியிருந்தான். நாற்காலியை விட்டு எழுந்து நின்று படித்தேன். பிறகு உட்கார்ந்து கட்டங்களைப் பார்த்தேன். அமைப்பு: சுழியம். எடுத்துக்காட்டு: ஒன்று. ‘எழுந்து நின்று படிக்கவைத்தல்’ என்றொரு கட்டம் இல்லை. கூட்டிக் கழித்து ஐந்தரை.

மனசு கேட்காமல் மறு ஆண்டு ‘சொந்த அனுபவம்: 3’ என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஆண்டு வந்த தாள்களில் பாதிக்கு மேல் ஒரு மாமாவும் ஒரு துண்டும் இருந்தார்கள். ஒருவனுடைய மாமா துண்டுக்குள் கைவிட்டு வெண்டைக்காய் வாங்கினார். நல்ல எழுத்து எப்படி இருக்கும் என்று கட்டம் போட்டுச் சொன்னால், பிள்ளைகள் கட்டத்தைத்தான் எழுதித் தருவார்கள்.

இருந்தும் நான் ரூப்ரிக்ஸ் கட்சிதான். முன்பெல்லாம் “ஏன் ஐயா மார்க் குறைஞ்சது?” என்று ஒரு பிள்ளை கேட்டால், “அவ்வளவுதான் வரும், போ” என்பதே ஆசிரியர் குலத்தின் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. இப்போது கட்டத்தைச் சுவரில் ஒட்டிவிட்டோம். போன பருவத்தில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் தாளோடு வந்து நின்றாள்.

“ஐயா, மூணு எடுத்துக்காட்டுன்னு போட்டிருக்கீங்க. நான் மூணு எழுதியிருக்கேன். ரெண்டுக்குத்தான் போட்டிருக்கீங்க.”

“முதல் ரெண்டும் ஒண்ணுதானேம்மா. ரெண்டுமே தக்காளி.”

“ஒண்ணு நாட்டுத் தக்காளி, ஒண்ணு பெங்களூர்த் தக்காளி. சந்தையில வேற வேற விலை ஐயா. ரெண்டு வகைத் தக்காளி எழுதக்கூடாதுன்னு கட்டத்துல இல்லையே?”

இல்லைதான். ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டேன். அவள் பெஞ்சுக்குத் திரும்புவதற்குள், கத்தரிக்காயில் எத்தனை வகை என்று பின்வரிசை எண்ண ஆரம்பித்திருந்தது.