டிக்கி காலி செய்த படலம்

கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்தில், பந்தயம் என்ற பெயரில்லாமல், என்னைப் போன்ற சாமானியர்களும் கட்டணம் கட்டிச் சொந்தக் காரை ஒருநாள் மனம்போல விரட்டிப் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்திருக்கும் சில கனவான்கள் நேற்று மாலை அனுப்பிவைத்த நிபந்தனைப் பட்டியலைப் படித்ததிலிருந்து, எனக்கு உண்டான எரிச்சல் இன்னும் தணிந்தபாடில்லை. தலைக்கவசம் வேண்டும் என்கிறார்கள், சரி. பாதத்தை மூடிய காலணி வேண்டும், சக்கரத்து நட்டுகளை முறுக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், அதுவும் நியாயமே. ஆனால், ‘வண்டிக்குள் கட்டப்படாத பொருள் ஒன்றுகூட இருத்தலாகாது’ என்று ஒரு வரி வருகிறதே, அதை எழுதிய மகானுபாவர் குடும்பஸ்தர்தானா என்பதே என் சந்தேகம்.

நான் எழுத உத்தேசித்தது பிரேக்கைப் பற்றி. அது பெரிய விஷயம், அவசியம் வருகிறேன். முதலில் டிக்கி.

டிக்கியைத் திறந்தால், மேலாக ஒரு கட்டைப் பை. அதற்குள் மடித்த கட்டைப் பைகள். அவற்றின் அடியில், எந்தக் கல்யாணத்தில் யார் கொடுத்தார்கள் என்று நிச்சயிக்க முடியாதபடி கொப்பரையாகிவிட்ட தாம்பூலத் தேங்காய். பஞ்சாமிர்தம் தீர்ந்த டப்பாவில் எந்த யந்திரத்திலிருந்து கழன்றவை என்று தெரியாத, ஆகையால் எறியவும் மனம் வராத திருகாணிகள். தோட்டத்து மோட்டாரின் பழுதான ஸ்டார்ட்டர். ஒரு கம்பி ஒடிந்த குடை. மாமனார் வீட்டு டிபன் கேரியரின் நடு அடுக்கு மாத்திரம். என்றோ வெல்ல மண்டியிலிருந்து வந்த சாக்கு, அதில் இன்னும் குடித்தனம் நடத்தும் எறும்புகள். எல்லாவற்றுக்கும் கீழே, பாதாளத்தில், ஸ்டெப்னி. இவற்றை இறக்கித் திண்ணையில் பரப்பியபோது தெருவே கூடி, வீட்டை விற்றுவிட்டோமா என்று விசாரித்தது. நடு அடுக்கைக் கண்ட என் மனைவியோ, அதை அபகரித்ததாகத் தன் சொந்த அண்ணியையே இத்தனை காலம் சந்தேகித்ததை நினைத்துச் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, அந்தக் கோபம் முழுவதையும் என்மேல் திருப்பினாள்.

அடுத்து டாஷ்போர்டு முருகன். இரட்டைப் பக்கப் பசையால் ஒட்டப்பட்டவர் கட்டப்பட்ட பொருளா, கட்டப்படாத பொருளா? “ஏங்க, சாமிய இறக்கி வெச்சுட்டா அந்த வேகத்துல ஓட்டப் போறீங்க?” என்ற கேள்விக்கு நிபந்தனைப் பட்டியலில் விடை இல்லை. பம்பரில் தொங்கும் எலுமிச்சம்பழம் வண்டிக்கு வெளியே இருப்பதால் தப்பித்தது.

அந்தத் தடத்துக்குப் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. 1995-இல் விமான விபத்தில் இறந்த கோவை கரிவர்தன் நினைவாக 2003-இல் திறந்தது. நீளம் ஏறக்குறைய 2.1 கிலோமீட்டர். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக 2005-இல் களம் இறங்கிய நாராயண் கார்த்திகேயன் அதே கோவைக்காரர். கரிவர்தன் மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார் செய்தவர் என்று புகழ்கிறார்கள். எஞ்சினை எடுப்பது யாருக்கும் சாத்தியம். அந்த 800-களின் டிக்கியில் இருந்தவற்றை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பதை அல்லவா எழுதியிருக்க வேண்டும்?

பிரேக் விஷயம் இதுதான்: பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் சுபாவமுடையது, வளைவுக்கு வளைவு பலமாக மிதிக்கையில் ஏறும் உஷ்ணத்தில் அந்த ஈரம் கொதித்துக் குமிழியாகும், அப்போது பெடல் தரைவரை இறங்கும், வண்டி மட்டும் நிற்காது. ஆகவே புது ஆயில் மாற்றச் சொன்னேன். மெக்கானிக், “இப்பவே நல்லாத்தானுங் சார் புடிக்குது” என்றார். இதன் நிமித்தம் எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்தைப் பின்னர் விஸ்தரிக்கிறேன். அதற்குள் தலைக்கவசம் குறுக்கிடுகிறது.

அக்காள் மகனிடம் இரவல் கேட்டேன். கண்ணாடியில் ஒட்டிய பாலிதீன்கூட உரியாத புத்தம்புதுக் கவசத்தை, “பெட்ரோல் டாங்க்மேலயே இருக்குதுங் மாமா, எடுத்துக்குங்க” என்றான். எதிரே ஒருவரும் வராத, மாடு குறுக்கிடாத, அத்தனை பேரும் ஒரே திசையில் ஓடுகிற தடத்தில் இதை மாட்டாவிட்டால் உள்ளே விடமாட்டார்களாம். தைப்பூசக் காலத்தில் பாதயாத்திரைக் கூட்டம் ஒரு பக்கமும், முழு வெளிச்சம் போட்ட லாரி மறுபக்கமுமாக இருக்கும் பழனிச் சாலையில் இந்தப் பிள்ளை வெறுந்தலையோடு மூன்றாவது ஆளையும் ஏற்றிக்கொண்டு பறக்கிறானே, அவனை ஒரு பிரகிருதியும் கேட்பதில்லை! சொன்னால், “வயசாயிடுச்சு மாமாவுக்கு” என்கிறான். ஆகட்டும்.

இன்று காலை எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார்.

“எங்கீங் தம்பி பயணம்?”

“செட்டிபாளையங்க. வண்டி ஓட்ட.”

“ஓட்டி எங்க போறீங்க?”

“எங்கயும் இல்லீங்க. அங்கயே சுத்திச் சுத்தி.”

வெகுநேரம் யோசித்தார். பிறகு உள்ளே போய், கோவையிலுள்ள தம் மகள் வீட்டுக்கென்று அரை மூட்டை வெல்லத்தைத் தூக்கிவந்து, “டிக்கி காலியாத்தானுங்களே இருக்குது” என்று தாமே ஏற்றி மூடினார்.