கடல் உறையக் காத்திருந்தோம்

சர்ச்சிலுக்குப் புறப்படுவதென்றால் அந்நாளில் முதலில் போட வேண்டியது ஃபிலிம் கணக்கு. ஒரு ரோலில் 36 படம். கை பழகியவர் கவனமாகச் சுற்றினால் 37. உங்கள் வீட்டிலும் யாராவது கல்யாணத்துக்கென்று இரண்டு ரோல் வாங்கி, தாலி கட்டும் நேரத்துக்காகக் கடைசிப் பத்துப் படங்களைப் பத்திரப்படுத்தி, அந்தப் பத்துக்காகவே மாப்பிள்ளை அழைப்பில் பாதிச் சொந்தக்காரர்களை எடுக்காமல் விட்டிருப்பார். ஹட்சன் விரிகுடாக் கரையில் பனிக்கரடிக்கும் அதே கணக்குத்தான். 1994 இலையுதிர்காலத்தில், டொரொன்டோவில் என் வாடகை அறைக் கட்டிலில் வெல்வியா ரோல்களைப் பரப்பி, அட்டைப்பெட்டிகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, விமான நிலையத்து எக்ஸ்ரேயில் போகாமல் அதிகாரி கையாலேயே பார்த்துத் தரட்டும் என்று கண்ணாடிப் பைகளில் அடுக்கிய அந்த இளைஞனை இப்போது நினைத்தால் வாஞ்சையாக இருக்கிறது. கரடியை அவன் இன்னும் பார்க்கவில்லை. எந்தக் கரடிக்கு எத்தனை படம் என்று அதற்குள் பங்கிட்டு வைத்திருந்தான்.

சர்ச்சிலுக்குச் சாலை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வினிபெக்கிலிருந்து 1,700 கிலோமீட்டர் அளவுக்கு நீளும் ரயில்பாதை ஒன்று உண்டு. 1929இல் போட்டு முடித்தது. சதுப்பு நிலத்தின் மேலும், கோடையிலும் இளகாத உறைமண்ணின் மேலும் போட்ட பாதை என்பதால் வண்டி வேகம் பிடிக்காது. இரண்டு இரவுகள் அதில் தூங்கி விழிக்கையில், முதலில் அறுவடை முடிந்த வயல்கள், பிறகு ஏரிகள், பிறகு கறுப்பு ஸ்ப்ரூஸ் மரங்கள், அந்த மரங்களும் மணிக்கு மணி குட்டையாகிக்கொண்டே வந்து, கடைசியில் காற்றடிக்கும் பக்கத்துக் கிளைகளையெல்லாம் இழந்து ஒரு பக்கம் மட்டும் கிளையோடு ஆளுயரத்துக்கு நின்றன. பாதையோரத்தில் தந்திக் கம்பங்கள் மும்மூன்றாகச் சாய்ந்து ஒன்றையொன்று தாங்கி நின்றதைப் பார்த்து நான் வியந்தபோது, மண் உறைந்து இளகி ஒற்றைக் கம்பத்தை வெளியே தள்ளிவிடும் என்று எதிர் இருக்கையில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை விளக்கினார். அவரும் எங்கள் குழுதான். ஊர் வந்து சேர்வதற்குள் அவருடைய பேரப்பிள்ளைகளின் பெயர்கள் எனக்கும், என் அம்மாவின் முழங்கால் வலி அவருக்கும் தெரிந்திருந்தன. வழிகாட்டியைச் சந்திக்கும் முன்பே நாங்கள் ஒரு குழுவாகியிருந்தோம்.

இன்று அதே பயணத்துக்கு வினிபெக்கிலிருந்து விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரம். 2017 வெள்ளத்தில் பாதை அரித்துப்போய், ஒன்றரை ஆண்டு அந்த ஊருக்கு ரயிலே இல்லாமல், வெண்ணெய்யும் கோதுமை மாவும்கூட விமானத்தில் வந்து இறங்கிய கதையைக் கேட்டவன் நான். விமானத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் 2023இல் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தபோது, மரங்கள் குட்டையாவதை மேகம் முழுதாக மறைத்திருந்தது. என் பக்கத்து இருக்கைக்காரர், நல்ல மனிதர், காதில் கருவியோடு வந்தார். அவருக்குப் பேரப்பிள்ளைகள் உண்டா என்று எனக்கு இன்றும் தெரியாது.

கரடிகள் ஏன் அங்கே கூடுகின்றன என்பதை முதல் நாள் எங்கள் வழிகாட்டி தரையில் படுத்து, கைவிரலால் பனியில் படம் வரைந்து காட்டினார். கோடையில் விரிகுடாவின் பனி உருகியதும் கரடிகள் கரையேறுகின்றன. பனிமேல் நின்று சீல் பிடிப்பதுதான் அவற்றின் பிழைப்பு, ஆகவே கரையில் இருக்கும் மாதங்கள் அநேகமாகப் பட்டினி. இலையுதிர்காலம் முடியும் சமயத்தில் முதலில் பனி கட்டும் இடம் தேடி வருகின்றன. சர்ச்சில் ஆறு கொண்டுவந்து கொட்டும் நன்னீர் உப்புநீருக்கு முந்தி உறையும். வடமேற்குக் காற்று பனிப்பாளங்களைக் கரையோடு ஒதுக்கும். அதனால் ஆயிரம் பேர்கூட வசிக்காத அந்தச் சின்ன ஊரைச் சுற்றி, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரிலும் நவம்பரிலும் கரடிகள் கடலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கின்றன. ஊரும் அதற்கேற்றபடி வாழப் பழகிவிட்டது. தெருவில் கரடி எதிர்ப்பட்டால் யார் வேண்டுமானாலும் ஓடி ஏறிக்கொள்ளக் கார்க் கதவுகளைப் பூட்டாமல் விடுகிறார்கள்; ஹாலோவீன் இரவில் வேடமிட்ட பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போகும்போது காவல் வண்டிகள் ஊர் எல்லையில் சுற்றி வருகின்றன. இந்த இரண்டும் நான் முதலில் போனபோது எப்படியோ இன்றும் அப்படியே இருப்பதில் எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஊரே மாலையில் கூடிய ஜிப்ஸீஸ் பேக்கரி இல்லை, 2018இல் எரிந்துபோனது. குளிரில் விறைத்த விரல்களை அங்கே காப்பிக் கோப்பையைச் சுற்றி வைத்துக்கொண்டு, ரயில் ஓட்டுநரும் ஹெலிகாப்டர் விமானியும் மியூசியத்தில் சோப்புக்கல் சிற்பங்களுக்குக் காவல் இருந்த பெண்மணியும் அன்று எங்கே எந்தக் கரடி நடந்தது என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். செய்தி என்பது அப்போது ஆட்கள் வழியாகத்தான் வந்தது.

டன்ட்ரா பக்கி என்கிற வண்டியை, 1979இல் லென் ஸ்மித் என்பவர் அந்த ஊரிலேயே உருவாக்கியதை, பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். என் தோள் வரை வரும் சக்கரங்கள். அவற்றின் மேல் ஒரு பேருந்து. பின்பக்கம் திறந்த மேடை. அதன் தரை இரும்புச் சல்லடை, கரடி அடியில் வந்து நின்று உங்கள் பூட்ஸை முகர்ந்துவிட்டுப் போகலாம். நாற்பது பேர் உட்காரும் வண்டியில் படம் எடுப்பவர்கள் குழு என்றால் ஆளுக்கொரு ஜன்னல் கிடைக்கும் அளவுக்குத்தான் ஏற்றுவார்கள். கரடி தெரிந்ததும் எஞ்சின் நிற்கும். ஒருவர் நடந்தால் வண்டி முழுதும் ஆடும், ஆடினால் எல்லோருடைய படமும் கெடும். எனவே வழிகாட்டி கையை உயர்த்தினால் யாரும் அசைவதில்லை, அடுத்தவர் மூச்சுவிடுவது கேட்கும். இரண்டு ஆண் கரடிகள் பின்னங்கால்களில் எழுந்து நின்று, ஒன்றன் கழுத்தை மற்றது மெதுவாகக் கடித்து விளையாட்டுச் சண்டை போடும் அந்த வேளையில், என் கேமராவின் எண்காட்டி 34இல் நின்றால் மனம் என்ன பாடுபடும் என்பதை ஃபிலிம் காலத்தவர்கள் மட்டுமே அறிவார்கள். இருக்கும் இரண்டைச் செலவழிப்பதா, இப்போதே ரோலை மாற்றுவதா? மாற்றுவதென்றால் கையுறையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் விரல் மரத்துவிடும். வேகமாகச் சுற்றினால் அந்த உலர்ந்த குளிரில் நிலைமின்சாரம் பாய்ந்து ஃபிலிமில் மின்னல் கோடு விழும். மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றிக்கொண்டு, கண்ணால் கரடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் மிக நன்றாகப் பார்த்த கரடிகள் அப்படி ரோல் மாற்றும்போது பார்த்தவைதான்.

வெள்ளைப் பனியில் வெள்ளைக் கரடி என்றால் கேமராவின் மீட்டர் எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிடும், ஒன்றரை ஸ்டாப் திறந்துவிடு என்று வழிகாட்டி சொல்லிக்கொடுத்ததை நம்பித்தான் எடுத்தோம். சரியாக வந்ததா என்பது வாரக்கணக்கில் தெரியாது. மாலை மூன்றரை மணிக்கு வெல்வியாவுக்கு வெளிச்சம் போதாது. என் நிக்கான் எஃப்எம்2 பைக்குள் போய்விடும். சூரியன் மறைய இன்னும் நேரம் இருக்கும். அந்த நேரம் முழுவதும் யாருக்கும் வேலை இல்லை. தெர்மாஸிலிருந்து சூப்பைப் பகிர்ந்துகொண்டு, சிவந்த வில்லோப் புதர்களுக்கிடையே கரடி ஒன்று கடற்பாசி மேல் தாடையை வைத்துத் தூங்குவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்போம். ஒருவருடைய ஃபிலிம் தீர்ந்திருந்தால் இன்னொருவர் தம் பையிலிருந்து ஒரு ரோலை எடுத்து நீட்டுவார். வாங்கியவர் வாழ்நாளுக்கும் அதை மறக்கமாட்டார். இரவு உணவு மேசையில் காட்டுவதற்குப் படம் எதுவும் இல்லாததால் வாயால் சொன்னோம்: அவர் ஜன்னலில் தெரிந்தது, இவர் ஜன்னலில் தெரியாதது. ஒரே கரடி மேசையைச் சுற்றி வருவதற்குள் பல கரடிகளாகும். மாதங்கள் கழித்துத் தபாலில் ஒரு ஸ்லைடு வரும், அந்த ஆசிரியையின் கையெழுத்தில், "இது உன் ஜன்னல் பக்கத்து நரி" என்று. விளக்குப் பெட்டியின் மேல் வைத்து லூப் வழியாகக் குனிந்து பார்க்கும்போது, அந்த நரி எனக்காகவே இரண்டாம் முறை ஓடும்.

2023இல் நான் கண்ட வசதிகளைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மிரர்லெஸ் கேமரா கரடியின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பற்றிக்கொள்கிறது, நொடிக்கு இருபது படம் எடுக்கிறது, மீட்டர் ஏமாந்தால் அடுத்த நொடியே திருத்திக்கொள்ளலாம். எங்கள் குழுவில் கை நடுக்கம் உள்ள ஒரு மூதாட்டி, பழைய நாளென்றால் படம் எடுப்பதையே விட்டிருப்பார், அதிர்வைத் தாங்கும் லென்ஸில் அம்மாக் கரடியையும் குட்டியையும் மூக்கு மயிர் தெரிய எடுத்துவிட்டு அழுதார். பக்கத்தில் இருந்த எனக்கும் கண் நிறைந்தது. வண்டி ஒன்று மின்சாரத்தில் ஓடத் தொடங்கியிருக்கிறது. கரடிப் பருவத்தில் டன்ட்ராவிலிருந்து நேரலையாகப் படம் வருகிறது; நான் ஊர் போய்ச் சேரும் முன்பே என் மகள் ஸ்கார்பரோவில் சமையலறையில் நின்றபடி அன்றைய கரடியைப் பார்த்து எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அவளும் அதைக் கண்டாளே என்று அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றரை மணிக்கு யாரும் கேமராவைப் பைக்குள் வைக்கவில்லை. இருட்டிலும் எடுக்க முடிகிறபோது ஏன் வைப்பார்கள்? எடுத்து முடித்ததும் எல்லோரும் தலைகுனிந்து எடுத்ததைப் பார்த்தார்கள். கரடி அப்போதும் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. இரவு உணவு மேசையில் மடிக்கணினிகள் திறந்தன. எல்லாருடைய படத்திலும் ஒரே கரடி, ஒரே கூர்மையோடு.

நாங்கள் இப்படிக் காத்திருப்பதை மறந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் கரடிகளின் காத்திருப்பு நீண்டுகொண்டே போயிருக்கிறது. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் பனியில்லாத காலம் 1980களில் இருந்ததைவிட இப்போது மூன்று வாரத்துக்கும் மேல் கூடுதல். பட்டினி கிடக்கும் கரடி நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடை இழக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்; மூன்று வாரம் என்றால் என்ன என்பதை அதைக் கொண்டு அளந்து பாருங்கள். 1980களின் இறுதியில் அந்தக் கரையில் சுமார் 1,200 கரடிகள் என்று கணித்தார்கள். 2016இல் 842. 2021இல் 618. அதிலும் பெண் கரடிகளும் இளங்கரடிகளுமே அதிகம் குறைந்திருப்பதாகக் கணக்கெடுப்பு சொல்கிறது. வாபுஸ்க் தேசியப் பூங்காவை 1996இல் அறிவித்தபோது, தாய்க்கரடிகள் குட்டி ஈனும் குகைகள் இனிப் பத்திரம் என்று நான் நண்பர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லி மகிழ்ந்தேன். குகைகள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. கடலுக்குத்தான் வேலி போட முடியவில்லை.

அந்தக் கடைசிப் பயணத்தில் எங்கள் வழிகாட்டி முப்பது வயதுகூட ஆகாத பெண். கரடி ஒன்று தண்ணீரின் விளிம்பில் வந்து நின்று, உறையாத அலையில் காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தபோது, அவர் எங்களிடம் படம் எடுக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீங்கள் முதலில் வந்தபோது இந்தத் தேதியில் இங்கே என்ன இருந்தது என்று என்னிடம் கேட்டார். பனி இருந்தது என்றேன். எவ்வளவு தூரத்துக்கு என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் வீட்டில் இருக்கிறது என்றேன்.

இருக்கிறது. ஸ்லைடு அட்டைகள் ஒவ்வொன்றிலும் நாளும் இடமும் எழுதும் பழக்கம் எனக்கு இருந்தது. நல்லவை என்று தேர்ந்தெடுத்துப் புரொஜெக்டரில் போட்டு விருந்தினருக்குக் காட்டியவற்றில் கரடியின் முகம்தான் சட்டகம் முழுதும். அவற்றால் அந்தப் பெண்ணுக்குப் பயனில்லை. சுமாரானவை என்று ஒதுக்கிய பெட்டியில், கரடி எங்கோ புள்ளியாக, முன்னால் கரையும் கரைக்கு அப்பால் பனியும் அதற்கப்பால் தண்ணீருமாக, வரிசையாக இருக்கின்றன. சில ஸ்லைடுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. மற்றவற்றைத் தேதிவாரியாக அடுக்கி ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். நவம்பர் இரண்டாம் வாரம் வரை முடிந்திருக்கிறது.